மணல் எழுத்தும் கைக்கணினியும்



வரலாற்றுப் பக்கத்துக்கு இந்த முறை எடுத்துக்கொண்ட பொருள் கோட்டையோ கோயிலோ அல்ல. உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி. இன்று நம் எல்லோர் கையிலும் இருக்கும் செல்போனுக்கு அண்ணன் என்று அதைச் சொல்லலாம். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'பிடிஏ' என்றார்கள். சிலர் கைக்கணினி என்றார்கள். நம் ஊர்க் கடைகளில் 'டிஜிட்டல் டைரி', 'பாம்டாப்' என்ற பெயர்களில் விற்றது. உங்கள் வீட்டு அலமாரியில்கூட ஒன்று பேட்டரி இல்லாமல் கிடக்கலாம்.

அதன் கதையை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாயில் நோட்டுப் புத்தகம் போய், காவலாளியின் கையில் ஒரு கருவி வரும் காலம் இது. பராமரிப்புக் கட்டணம், கேஸ் பதிவு, மின் கட்டணம் எல்லாம் திரைக்குப் போய்விட்டன. நேற்றுவரை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டவர்கள் திடீரென்று 'தெரியாதவர்கள்' ஆகிவிடுகிறார்கள். புதுக் கருவியைக் கற்பது யார் பொறுப்பு? கற்பவர் மட்டுமா, கருவியைச் செய்தவருமா, பக்கத்தில் இருக்கும் நாமுமா? கைக்கணினியின் கதையில் இதற்கு நல்ல பதில் இருக்கிறது. ஆனால் கதையை அமெரிக்காவில் தொடங்க வேண்டாம். நம் ஊரிலேயே தொடங்கலாம்.

கருங்குழியில் ஓலைக் கணக்கு

வள்ளலார் வாழ்ந்த கருங்குழி வடலூர்ப் பக்கம் உள்ளது. நம்முடையது மதுராந்தகத்தை ஒட்டிய கருங்குழி. கர்நாடகப் போர்களின்போது இங்கே இருந்த கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். கம்பெனியின் பழைய ஏடுகளில் நம் ஊர் 'கரங்கூலி' என்று வரும். 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கம்பெனிக்கு வந்த செங்கல்பட்டு ஜாகீரில் இந்தப் பகுதியும் அடங்கும். 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரையை மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயில் கதையில் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலத்தில் கருங்குழி சில ஆண்டுகள் கலெக்டரின் தலைமையிடமாகவும் இருந்தது.

பிளேஸுக்கு முன்பே, 1767 முதல் 1774 வரை, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் இந்த ஜாகீர் முழுவதையும் அளந்தார். ஏறக்குறைய 2000 ஊர்களின் வீடு, நிலம், ஏரி, விளைச்சல், பங்கு எல்லாம் பதிவாயின. ஊர்க் கணக்கர்கள் அந்த விவரங்களை எழுதி வைத்தது பனை ஓலையில். கணக்குப்பிள்ளை ஓலையை இடது கையில் பிடித்து, வலது கையில் எழுத்தாணியை ஊன்றி எழுதுவார். களத்துமேட்டில் நின்றுகொண்டே எழுதலாம். மேசை வேண்டாம், மை வேண்டாம். எழுதி முடித்தபின் கரியும் இலைச்சாறும் தேய்த்தால் எழுத்து தெளிவாகத் தெரியும். கையில் அடங்கும், எழுத்தாணியால் இயங்கும், கணக்கைச் சுமக்கும் கருவி என்றால் நம் மாவட்டத்தில் அதன் முதல் வடிவம் ஓலைதான்.

அந்த ஓலையைக் கற்பதும் எளிதாக இருக்கவில்லை. புள்ளியை அழுத்திக் குத்தினால் ஓலை கிழியும். அதனால் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளியே வைக்க மாட்டார்கள். எகரம், ஏகாரம் என்ற வேறுபாடும் எழுத்தில் தெரியாது. படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். கருவிக்காக மனிதன் தன் எழுத்தையே மாற்றிக்கொண்டான் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். 200 ஆண்டுகள் கழித்து இதே விஷயம் மறுபடியும் வரும்.

ஆனால் எந்தப் பிள்ளை கையிலும் முதல் நாளே ஓலையைக் கொடுக்கவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதினார்கள். தப்பாக வந்தால் கையால் தடவிவிட்டு மறுபடியும் எழுதலாம். ஓலையில் கீறியதை அப்படி அழிக்க முடியாது. இன்னொன்று, எல்லாவற்றையும் வாத்தியாரே சொல்லித்தரவில்லை. கொஞ்சம் முன்னே படித்த சட்டாம்பிள்ளை பின்னே வருபவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். எழும்பூரில் ஆண் குழந்தைகள் காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் எழுதும் நம் பிள்ளைகளைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைச் செய்தார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையோடு சேர்த்து 1797இல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர்.

அழித்து எழுத மணல், பக்கத்தில் ஒரு சட்டாம்பிள்ளை. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு இனி கைக்கணினிக்கு வாருங்கள்.

கருவியே கற்றுக்கொள்ளும் என்றார்கள்

1984இல் இங்கிலாந்தின் சயான் நிறுவனம் 'ஆர்கனைசர்' என்ற பெயரில் சட்டைப்பையில் அடங்கும் ஒரு கருவியை விற்றது. அதன்பின் ஷார்ப், கேசியோ நிறுவனங்களின் டிஜிட்டல் டைரிகள் வந்தன. நம் ஊரில் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் வாங்கிவந்தது பெரும்பாலும் அதைத்தான். சின்னச் சின்னப் பொத்தான்கள், இரண்டு மூன்று வரித் திரை. தொலைபேசி எண்களைச் சேர்த்து வைக்கலாம்.

1992 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் தலைவர் ஜான் ஸ்கல்லி இந்தக் கருவி வகைக்கு ஒரு பெயர் வைத்தார். 'தனிப்பட்ட டிஜிட்டல் உதவியாளர்' என்பது அதன் பொருள். பிடிஏ என்பது அதன் சுருக்கம். 1993 ஆகஸ்டில் ஆப்பிளின் 'நியூட்டன்' விற்பனைக்கு வந்தது. பொத்தான்களே வேண்டாம், நீங்கள் வழக்கமாக எழுதுவதுபோல் திரையில் எழுதுங்கள், கருவி உங்கள் கையெழுத்தைக் கற்றுக்கொள்ளும் என்றார்கள்.

கேட்க நன்றாக இருந்தது. ஆனால் எழுதியது ஒன்று, திரையில் வந்தது வேறு. அமெரிக்கப் பத்திரிகைக் கேலிச்சித்திரங்களிலும் தொலைக்காட்சிக் கார்ட்டூனிலும் நியூட்டன் கேலிப்பொருள் ஆனது. பின்னால் வந்த பதிப்புகளில் எழுத்தைப் புரிந்துகொள்ளும் திறன் நன்றாகவே கூடியது. ஆனாலும் கெட்ட பெயர் போகவில்லை. 1998 பிப்ரவரியில் ஆப்பிள் அதை நிறுத்திவிட்டது.

புதிதாகக் கற்பவரின் இடத்தில் நின்று பார்த்தால் காரணம் புரியும். சொல் தப்பாக வந்தால் தப்பு யாருடையது என்றே தெரியவில்லை. தன் கையெழுத்தா, கருவியா? எதைத் திருத்திக்கொள்வது என்று தெரியாதபோது யாருக்கும் கற்க மனம் வராது.

26 எழுத்தை மனிதன் கற்றான்

ஜெஃப் ஹாக்கின்ஸ் என்ற பொறியாளர் இதைத் திருப்பிப் போட்டார். கருவியைச் செய்வதற்கு முன்பே அதன் அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை எடுத்து அதில் குறிப்பதுபோலப் பாவனை செய்வார். எது தேவை, எது தேவையில்லை என்று அப்படித்தான் கண்டுகொண்டார். 1996இல் வந்த 'பைலட்' கருவியில் முக்கியப் பொத்தான்கள் நான்கு: நாட்குறிப்பு, முகவரி, செய்ய வேண்டியவை, குறிப்பு. விலை 299 டாலர். அன்றைய கணக்கில் 10,000 ரூபாய்க்கு மேல்.

அதில் எழுத 'கிராஃபிட்டி' என்ற எழுத்துமுறையைக் கற்க வேண்டும். ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் கையெடுக்காமல் போடும் ஒரே கோடு. 'ஏ' எழுத்துக்கு நடுக்கோடு கிடையாது, கூரைபோல் மேலே போய்க் கீழே வந்தால் போதும். இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுத்தால் இடைவெளி. வலமிருந்து இடமாக இழுத்தால் முன் எழுத்து அழியும். எழுத்துக்கு இடப்பக்கக் கட்டம், எண்ணுக்கு வலப்பக்கக் கட்டம். ஓலைக்காகப் புள்ளியை விட்ட நம் முன்னோர்போல, இவர்கள் கருவிக்காக நடுக்கோட்டை விட்டார்கள்.

கற்பது மனிதன் வேலை என்று ஆகிவிட்டதே, இது எப்படி வெற்றி பெற்றது? கற்க வேண்டியது கொஞ்சம், எல்லை தெரிந்தது. 26 எழுத்து, சில குறிகள், அவ்வளவுதான். சரியாகப் போட்டால் சரியாக வரும். தப்பாக வந்தால் எந்தக் கோட்டைத் திருத்த வேண்டும் என்று தெரியும். எழுத்துகளின் படம் ஒட்டுச்சீட்டாகக் கருவியோடு வந்தது. அதைவிட நல்ல விஷயம், 'ஜிராஃப்' என்று ஒரு விளையாட்டு இருந்தது. மேலிருந்து எழுத்துகள் விழும். கீழே தொடுவதற்குள் நீங்கள் அதை எழுதிவிட வேண்டும். தோற்றால் ஒன்றும் குடி முழுகாது, மறுபடி ஆடலாம். திண்ணைப் பள்ளியின் மணல் இதுதான்.

இந்தக் கருவியிலும் ஒரு பள்ளம் இருந்தது. பழைய பைலட்டில் பேட்டரி முழுவதும் தீர்ந்தால் எழுதி வைத்ததெல்லாம் போய்விடும். அதற்காகவே ஒரு தொட்டில் கொடுத்தார்கள். கருவியை அதில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் மேசைக் கணினியில் பிரதியாகிவிடும். தப்பு நடந்தாலும் மீளலாம் என்ற தைரியத்தைத் தந்தது அந்த ஒரு பொத்தான்.

பெங்களூரில் பிறந்த சிம்ப்யூட்டர்

பைலட்டைப் பயன்படுத்த ஆங்கிலம் தெரிய வேண்டும், வீட்டில் கணினி இருக்க வேண்டும். எழுத்தே தெரியாதவருக்கு? அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் நம் பக்கத்து மாநிலத்தில் இருந்தார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டே முதலியோரும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். 2001 ஏப்ரலில் 'சிம்ப்யூட்டர்' மாதிரியைக் காட்டினார்கள். எளிமையானது, விலை மலிவானது, பல மொழி பேசுவது என்பது பெயரின் பொருள். 9,000 ரூபாய் அளவில் விற்க வேண்டும் என்பது இலக்கு.

கருத்து அருமையானது. படங்களைத் தொட்டால் போதும். இந்திய மொழியில் எழுதியிருப்பதைக் கருவியே படித்துச் சொல்லும். ஊருக்கு ஒன்று வாங்கினாலும் எல்லோரும் பயன்படுத்த ஒரு வழி இருந்தது. ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு, அதைச் செருகினால் அவரவர் விவரம் வரும். 2004இல் 'அமிடா' என்ற பெயரில், பொதுத்துறை நிறுவனமான பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பாக அது கடைக்கு வந்தது. கருவியைச் சாய்த்தால் பக்கம் திரும்பும். ஐபோன் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே இது நம் நாட்டில் இருந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஆனால் விற்றது சில ஆயிரங்கள்தான். விலை எளியவருக்கு இன்னும் அதிகம். கருவி பேசும், ஆனால் ஊரில் அது சொல்லும்படியான சேவை எதுவும் அன்று இணைக்கப்படவில்லை. கருவி எளிமையாக இருந்தும், அதைக் கற்றால் நாளைக்கே கிடைக்கும் பயன் தெரியவில்லை. அதே ஆண்டுகளில் செல்போன் விலை இறங்கியது. நமக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா ஆலை திறந்தது. நம் பகுதி இளைஞர்கள் பலர் அங்கே வேலைக்குப் போனார்கள். படிக்காதவரும் செல்போனைக் கற்றுக்கொண்டார்கள். துபாயில் இருக்கும் மகனோடு பேசலாம் என்பது போதுமான காரணமாக இருந்தது. எண்ணைப் போட்டுக்கொடுக்கப் பக்கத்து வீட்டுப் பையன் சட்டாம்பிள்ளையாக இருந்தான்.

இரண்டு பேராகப் போனார்கள்

2011இல் நாடு முழுவதும் சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பு நடந்தது. காகிதம் இல்லாமல் டேப்லெட்டில் எடுத்த கணக்கு. அந்த டேப்லெட்டைச் செய்ததும் சிம்ப்யூட்டரைச் செய்த அதே பாரத் எலக்ட்ரானிக்ஸ்தான். அதில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. கேள்வி கேட்கும் கணக்கெடுப்பாளருடன், கருவியில் பதிய ஒருவரும் கூடவே போனார். ஒருவர் ஆளைப் பார்த்துப் பேசினார், ஒருவர் திரையைப் பார்த்தார்.

நம் ரேஷன் கடையில் 2017 ஏப்ரல் முதல் காகித அட்டைக்குப் பதில் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபரில் கைரேகை வைக்கும் முறையும் வந்தது. விற்பனையாளர் ஒருவரே எடை போட வேண்டும், கருவியையும் இயக்க வேண்டும். தேய்ந்த விரலை ஏழெட்டு முறை வைத்துப் பார்க்கும் பாட்டியையும் சமாதானப்படுத்த வேண்டும். பின்னால் நிற்கும் வரிசை முணுமுணுக்கும். அங்கே கருவி புதிது என்பது மட்டும் சிக்கல் அல்ல. தப்பு செய்து பார்க்க அங்கே மணல் இல்லை. முதல் நாளே ஓலைதான்.

ஓய்வூதியர்களுக்கு 2014 நவம்பரில் டிஜிட்டல் வாழ்நாள் சான்றிதழ் வந்தது. வங்கிக்கு நேரில் போய் நிற்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் நம் பெரியவர்கள் பலர் அந்த ஒரு வேலைக்காக மகனின் விடுமுறை நாளுக்குக் காத்திருக்கிறார்கள்.

தமிழும் கற்றுக்கொடுத்தது

தமிழ் எழுதும் விஷயத்தில் இன்று நிலைமை எவ்வளவோ மேல். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. ஒரே மெய்யைச் சேர்த்து இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி வைத்துக்கொள்ளும். ஓலையில் விட்ட புள்ளியை இயந்திரம் தானாகவே திருப்பிக் கொடுத்தது. 2005இல் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' மூலம் செல்போனிலேயே தமிழில் செய்தி அனுப்ப வழி பிறந்தது. 2015இல் கூகுள் வெளியிட்ட கையெழுத்துச் செயலி 82 மொழிகளைப் படித்தது, தமிழும் அதில் ஒன்று. நியூட்டன் 1993இல் சொன்னது 22 ஆண்டுகள் கழித்து நம் மொழிக்கே வந்து சேர்ந்தது. பொத்தான் தேடிச் சலித்த பெரியவர்களுக்கு அதை ஒருமுறை காட்டுங்கள். விரலால் 'அம்மா' என்று எழுதி, அது திரையில் அச்சாக வரும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

இனி நாம் செய்யக்கூடியது

இந்த வரலாற்றிலிருந்து நமக்கு நேராகப் பயன்படும் செய்தி ஒன்றுதான். ஒருவர் கருவியைக் கற்றுக்கொள்வது அவருடைய வயதையோ படிப்பையோ மட்டும் பொறுத்ததல்ல. தப்பு செய்து அழிக்க இடம் உண்டா, பக்கத்தில் ஓர் ஆள் உண்டா, கற்றால் கிடைக்கும் பயன் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதைப் பொறுத்தது. ஆகவே சில வேண்டுகோள்கள்.

வாயிலில் கைக்கருவி வந்தால் உடனே நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிட வேண்டாம். இரண்டும் ஒரு மாதம் சேர்ந்தே இருக்கட்டும். வண்டி வராத மதிய நேரத்தில் பொய்ப் பெயர்களைப் பதிந்து பழகக் காவலாளிகளுக்கு இடம் கொடுங்கள். முதலில் நன்றாகக் கற்ற காவலாளியே மற்றவருக்குச் சொல்லித்தரட்டும். அவர் சொல்வது நாம் சொல்வதைவிட எளிதாகப் புரியும். அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் அவருக்குச் சம்பளம் என்பதைச் சங்கமும் நினைவில் வைக்க வேண்டும்.

வாயிலில் இரண்டு நிமிடம் தாமதமானால் ஹாரன் அடிக்காதீர்கள். பதற்றத்தில் யாருக்கும் கை ஓடாது. அந்த அவசரத்தில் போடும் தப்பான பதிவுக்கு மாலையில் திட்டு வாங்குவதும் அவர்தான்.

வீட்டில் அப்பாவோ அம்மாவோ கேட்டால், "குடுங்க, நானே பண்ணித் தரேன்" என்று போனைப் பிடுங்காதீர்கள். வேலை முடிந்துவிடும், ஆனால் அடுத்த மாதமும் அவர் உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கும். போன் அவர் கையிலேயே இருக்கட்டும். உங்கள் விரலை மடக்கி வைத்துக்கொண்டு வாயால் சொல்லுங்கள். பணம் சம்பந்தப்பட்டதை முதலில் கற்பிக்க வேண்டாம். போட்டோ அனுப்புவது, பேரனோடு வீடியோவில் பேசுவது, தமிழில் எழுதுவது என்று தொடங்குங்கள். அது மணல். கை பழகியபின் வங்கிக்குப் போகலாம். அப்போதும் ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதையே முதல் பாடமாக வையுங்கள்.

பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் கீழே வந்து உட்கார உங்களில் நான்கு பேர் முன்வந்தால் போதும். பெரியவர்கள் தங்கள் போனோடு வருவார்கள். வர விரும்பும் பிள்ளைகள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். மெட்ராஸ் முறை கடல் கடந்து போய்ப் பெயர் வாங்கியது. நம் மாடிப்படிக்குக் கீழே அதை நடத்த நான்கு நாற்காலி இருந்தால் போதும்.